கிளறா அன்ரியின் மடிக்கணினியில் லினக்ஸ்

அமலினிக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கணினிக்குக் கட்டளைகள் எழுதி, அதையே ஒரு படம் வரையவைக்க வேண்டும். அதற்கான மென்பொருள் லினக்ஸில்தான் ஓடும். அவள் வீட்டிலோ கணினியே இல்லை.

மேல்மாடி கிளறா அன்ரி தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்தார். தேவாலயத்தின் ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுபவர் அவர்தான்.

"என்ன வேணுமெண்டாலும் செய், பிள்ளை. பாட்டுகள் மட்டும் கவனம். வாற ஞாயிறு சின்னப் பிள்ளையள் முதன்முதலா நன்மை வாங்கிற புதுநன்மைப் பூசை."

ஒன்றுவிட்ட அண்ணன் டெனிஸ்டன் உதவிக்கு வந்தான்.

"அல்லோரா... சரி, ரெண்டு வழி இருக்கு. டூவல் பூட் எண்டால் லினக்ஸுக்குத் தனி இடம் பிரிச்சுக் குடுக்கிறது. ஆன் பண்ணேக்கை விண்டோஸா, லினக்ஸா எண்டு கேக்கும். நல்ல வேகம். மற்றது வேர்ச்சுவல் மெஷின். விண்டோஸுக்குள்ளையே லினக்ஸ் ஓடும். ஆனா இந்தப் பழசிலை ஊரும். டூவல் பூட் போடுவம்!"

அமலினிக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதைப் போடப்போவது அன்ரிதானே என்று யோசித்தாள்.

"உன்ரை லப்டொப்பிலை டூவல் பூட் இருக்கெல்லோ? அன்ரியிட்டைக் குடுத்துப் பாப்பம், அவவுக்குச் சரிவருமோ எண்டு."

மேல்மாடியில், தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளச் சொன்னதும், கிளறா அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு டெனிஸ்டனின் மடிக்கணினிப் பொத்தானை அமத்தினார். விண்டோஸா, லினக்ஸா என்று கேட்டுக் கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் வந்தன. அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் லினக்ஸ் தானாகவே தொடங்கிவிட்டது. திரையில் லினக்ஸின் சின்னமான ஒரு பென்குயின் நின்றது.

"ஐயோ, பாட்டுகள் எங்கை? பூசையிலை இந்தப் பென்குயினோ பாடப்போகுது?"

டெனிஸ்டன் விழுந்து விழுந்து சிரித்தான். அமலினிக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் அன்ரியின் முகம் வாடியிருந்தது.

"நான் என்ன பிழை விட்டனான்?"

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை, அன்ரி. உங்கடை லப்டொப்பிலை இப்பிடி வராது."

படியிறங்கும்போது டெனிஸ்டன் விடவில்லை. "விண்டோஸ் தானா வாற மாதிரி வைக்கலாமடி."

"இடம் பிரிக்கேக்கை பாட்டுகள் அழிஞ்சால்?"

"அழியாது. அனேகமா."

"அனேகமாவோ!" அமலினி நின்றுவிட்டாள். "வேண்டாம். நான் வேர்ச்சுவல் மெஷினிலை மெதுவாவே செய்யிறன்."

மெதுவென்றால் அப்படியொரு மெது! ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தெரியுமுன் ஒரு கொட்டாவி விடலாம். அமலினி கணினியில் திறந்திருந்த மற்ற எல்லாவற்றையும் மூடினாள். படத்தைச் சிறிதாக்கினாள். படத்திலிருந்த மரத்தின் நூறு இலைகளை இருபதாகக் குறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளறா அன்ரி பொத்தானை அமத்தினார். எப்போதும்போல விண்டோஸ் வந்தது, பாட்டுகளும் வந்தன. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் திரையைப் பார்த்து உரக்கப் பாடினார்கள்.

பூசை முடிந்ததும் அமலினி அதே மடிக்கணினியில் தன் லினக்ஸைத் திறந்தாள்.

"அன்ரி, நாளைக்குப் பள்ளியிலை காட்டப்போறன். முதல்லை நீங்கள் பாருங்கோ."

திரையில் ஒரு மண்டரின் ஆரஞ்சு மரம் இலை இலையாக முளைத்தது.

"என்ன பிள்ளை, இவ்வளவு மெல்ல, ஆறுதலா வருது?"

"ஓம் அன்ரி. உங்களுக்கு நேரமிருக்கோ?"

"இருக்கு, இருக்கு." கிளறா அன்ரி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடைசிப் பழம் கிளையில் தொங்கும்வரை இரண்டு பேரும் அசையவே இல்லை.