திருப்பிவிட்ட கிலோமீட்டர்கள்

ஆளில்லாத சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தியது.

விழுப்புரத்தில் யார்டை விட்டு வெளியே வந்து முன்சக்கரம் தார்ரோட்டில் ஏறிய நொடியில்தான் அது ஆரம்பித்தது. டிங், டிங், டிங் என்று, கடன் கேட்டு வந்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி அவசரமில்லாமல், ஆனால் விடாமல். வேங்கடேசன் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். மாட்டித்தான் இருந்தது. டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்ன ஆள் உருவம் மினுக்கிக்கொண்டிருந்தது. முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் பெல்ட் போடவில்லையாம். அந்த சீட்டில் ஒரு பேப்பர்கூட இல்லை.

"ன்னாப்பா இது, காத்துக்கும் பெல்ட் போடணுமா?" பின்சீட்டில் துணிப்பைக்கும் புத்தகப்பைக்கும் நடுவில் சாய்ந்திருந்த மகள் துர்கா சிரித்தாள்.

"சிரிக்காத பாப்பா. வாங்குறவன் காதுல வுழுந்தா அதையே புடிச்சிக்கினு வெலையைக் கொறைப்பான்."

துர்கா திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். ஒரே பெண். வண்டியை வாங்கப்போகும் ஒலக்கூர் துரைக்கண்ணுவும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்பதாகச் சொல்லியிருந்தார். மகளை விட்ட மாதிரியும் ஆச்சு, வண்டியைத் தள்ளின மாதிரியும் ஆச்சு என்று வேங்கடேசன் கணக்குப் போட்டான். அவன் போடுகிற கணக்கில் ஒரு கல்லுக்கு இரண்டு மாங்காயாவது விழவேண்டும்.

அவன் அப்பா மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டின் வயசைச் சொல்லுவார். காருக்குப் பல் கிடையாது, மீட்டர்தான். சந்தையில் பல்லை ராவி மாட்டின் வயசைக் குறைக்கிறவன் இருந்த மாதிரி, பழைய கார் வாங்கி விற்கும் வேங்கடேசனுக்கு அரிபிரசாத் இருந்தான். ஒரு லேப்டாப், ஒரு வயர். தொண்ணூற்றோராயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை, டீ ஆறுவதற்குள் நாற்பத்திரண்டாயிரம் ஆக்கிவிட்டான். 

அப்போதுதான் ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டி கிடைத்தது. வண்டியின் பழைய முதலாளி தன் டிரைவரை வேவு பார்க்க வைத்தது. வண்டி எங்கே போனது, எங்கே நின்றது, எந்தக் கதவு எப்போது திறந்தது, எந்த சீட்டில் ஆள் இருந்தது, எல்லாம் அதில் இருந்தது. டிரைவர் நின்றுபோன பிறகு முதலாளியே ஓட்டியிருக்கிறார். பொட்டி அவரையும் விடாமல் எழுதியிருக்கிறது. வேவுக்காரனுக்கு எஜமான் என்ன, ஏவலாள் என்ன?

"அண்ணே, இந்தாளு செவ்வாக்கெழமை ஆனா திருவாமாத்தூர் ரோட்டுல ரெண்டு மணி நேரம் நிக்கிறாருண்ணே. கோயில்லகூட இல்ல, கோயிலுக்கு முன்னாலயே ஒரு வூட்டு வாசல்ல."

"சீ, ஊரான் வூட்டு ஜன்னலு நமக்கு எதுக்கு? மூடுடா," என்று சொன்ன வேங்கடேசன், "இன்னொரு பக்கம் தள்ளிக் காட்டு, பாப்போம்," என்றும் சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

பொட்டியைக் கழற்றி எறிந்திருக்கலாம். ஆனால் 'ஜிபிஎஸ்ஸோட வண்டி' என்று சொன்னால் விலை இன்னும் கொஞ்சம் ஏறும். ஆகவே பொட்டியை விட்டுவைத்து, மீட்டரோடு அதன் கணக்கையும் சேர்த்தே பின்னால் திருப்பச் சொன்னான். இரண்டு சாட்சியும் ஒரே பொய்யைச் சொன்னால் அது உண்மைதானே. 

இப்போது அந்த மீட்டர் 42,284 என்று காட்டியது. சத்தம் நிற்கவில்லை.

துர்கா முன்னால் எக்கி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். நம் ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம். சத்தம் சட்டென்று அடங்கியது. அவள் கையை உடனே எடுக்கவில்லை.

"ப்பா, சீட்டு சூடா இருக்குது."

"வெயில்ல நின்ன வண்டி, கண்ணு."

சொன்ன பிறகுதான் காலையிலிருந்து வெயிலே இல்லை என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஐப்பசி அடைமழை. மத்தியானம் மூன்று மணிக்கே வானம் ஈயம் பூசிய அண்டா மாதிரி கவிழ்ந்து கிடந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் சில்லறைக்காக நின்றபோது இடப்பக்கக் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது. சாரல் சீட்டின் மேல் தெறித்தது. பிறகு கண்ணாடி தானாக ஏறி மூடிக்கொண்டது. "பழைய வண்டின்னா அப்பிடித்தான், ஒயரு எங்கியோ ஒராயுது," என்று வேங்கடேசன் யாரும் கேட்காமலே பதில் சொன்னான். மழைத்தண்ணீர் வாசனையோடு இன்னொரு வாசனையும் உள்ளே வந்திருந்தது. சீயக்காய் தேய்த்துக் குளித்து இன்னும் துவட்டாத தலையின் வாசனை. துர்கா ஷாம்புதான் போடுவாள்.

அதற்குப்பின் அவன் அடிக்கடி இடப்பக்கம் பார்த்தான். மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். அது ஒட்டவில்லை. நடுவில் கொஞ்சம் உப்பலாக, எதையோ சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அதுவும் குலுங்கி, ஒரு மூச்சு தாமதித்து அடங்கியது. கண் ஏமாற்றுகிறது என்று பாட்டுப் போட்டான். பாட்டு பிடிக்கவில்லை. நிறுத்தினான். நிறுத்தியதும் வைப்பர் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில் துணி உரசுகிற சத்தம் கேட்டது. மறுபடி பாட்டுப் போட்டான்.

கூட்டேரிப்பட்டு வந்ததும் துர்காவுக்கு வயிற்றைப் பிரட்டியது. "பின்னாடி உக்காந்தா எனக்கு ஒத்துக்காதுப்பா, முன்னாடி வர்றேன்."

"வேணாம் பாப்பா."

"ஏன்?"

ஏன் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. பத்து ஊர் வியாபாரியிடம் வாயடித்து ஜெயிக்கிறவனுக்கு பெற்ற பெண்ணிடம் ஒரு காரணம் அகப்படவில்லை. அவள் இறங்கி, முன்கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி உட்கார்ந்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். "பேஜாருப்பா இந்த வண்டி. ஜல்தியா தள்ளிவுடு," என்று முனகிவிட்டு காதில் பாட்டுக் கேட்கிற ஒயரைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கன்னம் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. வேங்கடேசனுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. சீட்டில் இப்போது ஆள் இருக்கிறது. தன் ஆள்.

மீட்டர் 42,312. செல் அடித்தது. அரிபிரசாத்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன். சொல்லு."

"அந்தப் பொட்டி இன்னும் என் செல்லுக்கு அனுப்பிக்கினுதான் இருக்குதுண்ணே. சும்மா பாத்தேன். பழைய முதலாளி ஓட்டினப்ப எழுதினதையும் பக்கத்துல வெச்சிப் பாத்தேன்." அவன் குரலில் வழக்கமான நக்கல் இல்லை. "நம்ம கணக்கைத் திருப்பினோமில்ல. அதுலேர்ந்து பொட்டி அதே கிலோமீட்டருக்கு அதையே மறுபடி எழுதுதுண்ணே. வரிக்கு வரி."

"புரியற மாதிரி சொல்றா."

"42,284-ல முன்சீட்டுல ஆளு ஏறியிருக்கு, பெல்ட் போடல. அப்புறம் போட்டிருக்கு. 42,297-ல கண்ணாடி எறங்கி ஏறியிருக்கு. 42,310-ல பெல்ட் கழண்டு மறுபடி மாட்டியிருக்கு. இது அப்ப நடந்தது. இன்னிக்கும் இதேதான் வந்திருக்குதுண்ணே. நீங்க தனியாத்தான போறீங்க?"

வேங்கடேசன் ஓரக்கண்ணால் துர்காவைப் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் அவள் கைகள். 

"அப்புறம் என்ன எழுதியிருக்கு?"

"வேணாம்ண்ணே. வண்டியை நிறுத்திடுங்க."

"சொல்லித் தொலைடா!"

"42,316-ல இடப்பக்கக் கதவு தொறந்திருக்கு. வண்டி எண்பதுல போய்க்கினு இருக்கும்போது. அதுக்கப்புறம்... அதுக்கப்புறம் சீட்டுல ஆளு இல்ல. வண்டி நிக்கவும் இல்ல. நேரா வூட்டுக்குப் போயிருக்குண்ணே."

அவன் மீட்டரைப் பார்த்தான். 42,314.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். முள் எண்பதிலேயே நின்றது. காலைத் தூக்கியே வைத்திருந்தான். எண்பது. பிரேக்கை மிதித்தான். கல்லை மிதிப்பது போல் இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தான். வாய் தானாக மயிலம் முருகனைக் கூப்பிட்டது. 42,315. ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்த மாதிரி பெடல் சட்டென்று இறங்கியது. வண்டி வழுக்கி, உலுக்கி, ஓரமாக நின்றது.

சாவியைப் பிடுங்கி சட்டைப்பையில் போட்டான்.

நின்றுவிட்டது. இனி ஓர் அடி நகரக்கூடாது. வண்டி இங்கேயே கிடக்கட்டும், மழையில் மக்கட்டும், துரைக்கண்ணு வாயில் வந்தபடி திட்டட்டும். பெண்ணை இறக்கி பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடவேண்டும். அவ்வளவுதான்.

"பாப்பா! எழுந்திரு! எறங்கு!"

மழை கூரையில் கொட்டிய கொட்டில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவள் காதில் அந்த ஒயர் வேறு. வெளியே குதித்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்து, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி ஓடினான். தண்ணீர் கண்ணில் ஊசியாக இறங்கியது. கைப்பிடியைத் தடவிப் பிடித்தான். கதவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது.

பிடித்தான். இழுத்தான். பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கையை விடாமல் ஓடினான். இருபது முப்பது அடி தள்ளி ஒரு பஸ் நிழற்குடை, கூரை பாதி பெயர்ந்தது. உள்ளே இருட்டு. ஆட்டுப்புழுக்கை வாடை. சுவரோடு சாய்ந்து நின்று மூச்சு வாங்கினான். முகத்தில் ஒட்டிய துண்டை எடுக்கக்கூடக் கை ஒழியவில்லை. 

"பயப்படாத, கண்ணு. ஒண்ணுமில்ல. வண்டி ரிப்பேரு. பஸ்ஸுல போய்டலாம்."

"நனைஞ்சிட்டியா?"

தலையிலிருந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். சொட்டு கனமாக விழுந்தது. நீளமான கூந்தலிலிருந்து விழுகிற சொட்டு.

துர்காவுக்குத் தோள்வரைதான் முடி.

செல் அடித்தது. அரிபிரசாத் என்று நினைத்து இடக்கையால் எடுத்தான். திரையில் துர்கா என்று இருந்தது.

"ப்பா?" தூக்கம் கலையாத குரல். "எங்க போயிட்ட? கதவு தொறக்க மாட்டேங்குது. பெல்ட்டும் கழல மாட்டேங்குது."

அவன் தலையை உதறித் துண்டை விலக்கி வண்டியைப் பார்த்தான்.

"ப்பா... நீ யாரைப் புடிச்சிக்கினு நிக்கிற?"

அவன் வலப்பக்கம் திரும்பவில்லை. அவன் உள்ளங்கைக்குள் ஐந்து விரல்கள் இருந்தன. சுண்டுவிரல் முதலில் இறுகியது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது.

ரோட்டோரத்தில் வைப்பர் ஒரு தரம் அசைந்தது. இன்னொரு தரம். சாவி அவன் நெஞ்சோடு குத்திக்கொண்டிருக்க, வண்டியின் விளக்கு எரிந்தது.

இழுத்தான். கை வரவில்லை. சுவரில் காலை உதைத்து இழுத்தான். தோள்பட்டை எலும்பு முறுகியது. விரல்கள் விடவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு முறை இறக்கிவிடப்பட்டவள் பிடித்த பிடி.

வண்டி நகர்ந்தது. மெல்ல. பிறகு மெல்ல இல்லை. பின்கண்ணாடியில் நீர்த்திரைக்கு அப்பால் மகளின் தலை திரும்பித் திரும்பி அவனைத் தேடியது. செல்லை அவன் காதோடு அழுத்தினான்.

"ப்பா, வண்டி தானா போவுதுப்பா! ப்பா!"

"துர்கா! பிரேக்கு! காலை எட்டி..."

அவள் குரலுக்குப் பின்னால் இதுவரை மழைச்சத்தம் இல்லை. கண்ணாடிகள் மூடியிருந்தன. எஞ்சின் மட்டும் ஏறி ஏறி இரைந்தது. சிவப்பு விளக்குகள் இரண்டும் புள்ளியாயின. க்ளிக் என்று பெல்ட் விடுபடுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு, செல்லுக்குள், காற்றோடு சேர்ந்து மழை கொட்டுகிற சத்தம்.