நெட்டி முறியும் சத்தம்

இருட்டாக இருக்க வேண்டிய குழி அன்றைக்கும் பச்சையாக ஒளிர்ந்தது.

சங்கவி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். சந்தேகமே இல்லை. கண்ணாடித் தகட்டில் வரிசையாக இருந்த குழிகளில் நோயாளிகளின் ரத்தம் விட்டவை ஒளிர்ந்தன, அது நியாயம். ஓரத்துக் கடைசிக் குழியில் விட்டது நோயில்லாத ஒருவரின் ரத்தம். அது கரியாக இருட்டிக் கிடந்தால்தான் மற்ற குழிகள் சொல்வதை நம்ப முடியும். அதுதான் இப்போது பாசி பிடித்த கிணற்றுக்குள் வெயில் விழுந்த மாதிரி, எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருந்தது.

அந்த நோயில்லாத ஒருவர் சங்கவிதான். ஆய்வகங்களில் இது வழக்கம். நல்ல ரத்தம் கேட்டு ஊரெல்லாம் அலைவதற்குப் பதிலாக அங்கே வேலை செய்கிறவர்களே கையை நீட்டிவிடுவார்கள். இத்தனை நாளும் அவள் ரத்தம் ஒழுங்காக இருட்டாகத்தான் இருந்தது. இந்த மாதம்தான் சனி பிடித்திருக்கிறது.

திண்டிவனத்தில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றின் பின்பக்கத்தில் அவர்களுடைய ஆய்வகம் இருந்தது. மைக்ராஸ்கோப் அறை முன்பு எக்ஸ்ரே அறையாக இருந்ததால் அதற்கு ஜன்னல் கிடையாது. வெளியே உச்சி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் உள்ளே அமாவாசைதான். கறுப்புத் திரையின் தூசி வாடையும், ஏசியிலிருந்து வரும் ஈரச் சுவர் வாடையும், ஸ்பிரிட் வாடையும் கலந்து தொண்டையில் நிற்க, மைக்ராஸ்கோப் விளக்கின் குட்டி விசிறி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலுக்கு நடுவே, அவள் முதுகுக்குப் பின்னால், மெதுவாக ஒரு 'சடக்' கேட்டது. யாரோ ஒரு விரலை மடக்கி நெட்டி முறித்த மாதிரி.

திரும்பினாள். யாரும் இல்லை. திரை அசையவும் இல்லை.

நோயை விரட்ட வேண்டிய ரத்தம் சொந்த உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் முடக்குவாதம் போன்ற நோய்களின் கூத்து. பங்காளிக்குள் வரப்புத் தகராறு வந்த மாதிரி, லேசில் தீராது. தகட்டில் மனிதச் செல்கள் ஒட்டியிருக்கும். யாருடைய ரத்தம் அந்தச் செல்களைத் தாக்கப் பாய்கிறதோ அந்தக் குழி ஒளிரும். எந்த மரபணு இந்தத் தகராறைக் கிளப்புகிறது என்று குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்துத் தேடுவதுதான் சங்கவியின் வேலை.

திட்டத்தின் தலைவர் தேவநாதன் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் போனிலிருந்து நிமிரவே இல்லை.

"மெஷின் சரியா இருக்கு, டெஸ்ட் கிட்டு சரியா இருக்கு. உங்க கைதாம்மா சரியில்ல."

எத்தனையாவது முறையாக அதைச் சொல்கிறார் என்று அவளுக்கு மறந்துவிட்டது. என் ரத்தத்தை விட்டுவிட்டு உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, எனக்கு சுகர் இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். இந்த ஆய்வகத்துக்கு இந்தத் தலைவர், குருவிக்கு ஏற்ற ராமேஸ்வரம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். கம்பியைப் பிடித்து நின்றபோது விரல்கள் இறுகி வலித்தன. காலையிலும் அப்படித்தான். எழுந்து வெகுநேரம் விரலை மடக்க முடியவில்லை. என்ன என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைக்க மறுத்தாள்.

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் வாடகை வீடு. கணவனுக்கு ஓசூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவான். ஆறு வயது மகள் கலைப்பிரியா பள்ளிவிட்டு வந்து வீட்டுக்காரம்மாவிடம் இருப்பாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து முகத்தை நீட்டுவாள். சங்கவி இரண்டு உள்ளங்கையாலும் மகளின் நெற்றியிலிருந்து தாடைவரை வழித்து எடுத்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கி நெட்டி முறிப்பாள். எத்தனை சத்தம் வருகிறதோ அத்தனை கண்ணேறு பட்டிருந்ததாகக் கணக்கு. குழந்தைமேல் பட்ட கண்ணை அம்மா தன் தலையில் வாங்கிக்கொள்வது. அவ்வளவு படித்தும் சங்கவி இதை மட்டும் விடவில்லை.

அன்றைக்கு வழித்தாள், நெற்றிப்பொட்டில் வைத்தாள், அழுத்தினாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை. வலி மணிக்கட்டுவரை ஏறியது.

"ஏம்மா சத்தம் வரல?"

வேறொருத்தியின் விரல்கள் தன் நெற்றிப்பொட்டில் அந்தச் சத்தத்தைப் போட்டது சங்கவிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன மாதம் ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தாள். அங்கே வெள்ளையம்மாள் என்று ஒரு பெண். நாற்பத்தைந்து வயது, சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அவளுடைய அம்மாவுக்கும், அம்மாவைப் பெற்றவளுக்கும், அவளுக்கும் அந்த நோய். ஊரில் சரவாங்கி என்பார்கள். இப்போது மகள் இளவரசிக்கும் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்திருந்தன. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. வெள்ளையம்மாளின் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து விறைத்திருந்தன. எக்ஸ்ரேயில் கணுக்களுக்கு இடையில் சந்தே இல்லை, எலும்போடு எலும்பு ஒட்டிப்போயிருந்தது.

ரத்தம் கொடுக்க ஊரில் பயப்படுவார்கள். அதற்காகவே சங்கவி ஒரு வார்த்தை வைத்திருந்தாள், போகிற வீட்டிலெல்லாம் அதைத்தான் சொல்வாள்: "உங்க நோவ எங்ககிட்ட குடுத்துடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்." சொன்னதும் பாதிப் பேர் இளகிவிடுவார்கள். வெள்ளையம்மாள் மட்டும் அதைத் திருப்பிக் கேட்டாள். நெசமாவா, எடுத்துக்கறீங்களா என்று. சங்கவி சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

ரத்தம் எடுத்து முடித்துக் கிளம்பும்போது வெள்ளையம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். கோணலான கைகளால் மகளின் முகத்தை மெதுவாக வழித்தாள். பிறகு கைகளைச் சங்கவியின் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி பத்து விரலும் சடசடவென்று முறிந்தன. மகளைப்போல நம்மையும் நினைக்கிறாளே என்று சங்கவிக்குக் கண் கலங்கியது. தலையைக் குனிந்து, வாகாகக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இப்போது அடுப்படியில் நின்றுகொண்டு அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. யாருக்குச் சுற்றினாலும் முறிப்பது சொந்தத் தலையில்தான். மகள் முகத்தில் எடுத்ததை எதற்கு என் தலையில் வைத்து முறித்தாள்? ஒட்டிப்போன விரலில் சத்தம் எங்கிருந்து வந்தது?

பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். மறுநாள் தன் மரபணுவைச் சோதித்தாள். அந்தக் குடும்பத்துக்கு நோயைக் கொண்டுவந்ததாக அவர்கள் சந்தேகித்த துண்டு அவளிடம் இல்லை. இருந்திருந்தாலாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும், அந்த ஆறுதலும் இல்லை. தேவநாதன் மறுபடியும் கையைத்தான் குறை சொன்னார். இருட்டறையில் சத்தம் இப்போது அடிக்கடி கேட்டது. அவள் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஏனென்றால் ஒருமுறை அது அவள் மடியிலிருந்து வந்தது. அசையாமல் வைத்திருந்த கையிலிருந்து.

இன்னொரு முறை ரத்தம் வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஒலக்கூர் கிளம்பினாள். தெருவுக்குள் நுழையும்போதே 'சடக் சடக்' என்று கேட்டது. காலை இழுத்து நடந்தாள். வாசலில் இளவரசி விதைக்கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் ஒரே அழுத்து, ஓடு பிளந்து பருப்பு முறத்தில் விழுந்தது. வீக்கம் இல்லை. விரல்கள் வெண்டைப்பிஞ்சு மாதிரி வளைந்தன. சங்கவியால் ஊசியின் மூடியைக்கூட இழுக்க முடியவில்லை. இளவரசிதான் வாங்கிக் கழற்றிக் கொடுத்தாள்.

எப்போது சரியானது என்று கேட்டதற்கு, நீங்கள் வந்துபோன மறுநாள் என்றாள் வெள்ளையம்மாள். சங்கவி கையை அவள் முன்னால் நீட்டினாள். ஏன் என் தலையில் இறக்கினீர்கள் என்று கேட்டாள்.

"நீங்கதான டாக்டரம்மா வந்து கேட்டீங்க. டப்பா வச்சிக்கினு, நோவ குடுங்க, பாத்துக்கறோம்னு. இத்தினி வருசத்துல யாரும் அப்பிடி வாயத் தொறந்து கேட்டதில்ல. ஒரு பக்கம் எடுத்தா ஒரு பக்கம் எறக்கணுங்க. எம் பொண்ணு நல்லா இருக்கணும் இல்ல?"

அவள் முகத்தில் குற்றமும் இல்லை, குரோதமும் இல்லை. நன்றிதான் இருந்தது. அதுதான் சங்கவிக்குத் தாங்கவில்லை. திரும்ப எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"என்னால ஆவாதுங்க. தனக்குத் தானே எடுத்துக்கவும் முடியாது. பெத்தவ எடுக்கணும், இல்ல பெத்தது எடுக்கணும். எங்கம்மாவுக்கு நான்தான் எடுத்தேன். சின்னப் புள்ள, வெளையாட்டா எடுத்தேன். இவ எனக்கு எடுக்க வந்தா கைய தட்டி உட்டுருவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கம்மா இருக்காங்களா?"

இல்லை, இறந்து வருடமாகிறது.

"புள்ள இருக்குதா?"

"இல்ல," என்றாள் சங்கவி. யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

மறுநாள் இளவரசியின் குழி இருட்டாக இருந்தது. சுத்தமான, அழகான இருட்டு. பக்கத்தில் சங்கவியின் குழி எரிந்துகொண்டிருந்தது. தேவநாதன் எட்டிப் பார்த்து, ரெண்டு பேர் ரத்தத்தையும் மாத்தி விட்டுட்டீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வழுக்கைக்குக் கீழே இரண்டு நெற்றிப்பொட்டையும் பார்த்தபோது அவளுக்கு ஓர் ஆசை வந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனால் என் முகத்திலிருந்து எடுத்து அங்கே இறக்க ஒரு கை வேண்டுமே. அந்தக் கை யாருடையது?

அன்றிலிருந்து மகளைத் தன் முகத்தைத் தொட விடவில்லை. முத்தம் கொடுக்க வந்தால் தள்ளினாள். கட்டிக்கொள்ள வந்தால் அதட்டினாள். எல்லாம் வெறும் நம்பிக்கை என்று தெரியும், தெரிந்தும் தள்ளினாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. சீப்பு பிடிக்க முடியாமல், டம்ளர் பிடிக்க முடியாமல் அம்மா அழுவதை மட்டும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மழைக்காற்று அடித்துக் கரண்ட் போனது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு சங்கவி பாயில் படுத்திருந்தாள். ஜன்னல் கதவு எங்கோ தட்டிக்கொண்டிருந்தது, மண் வாசனை வந்தது, அடுத்த வீட்டில் யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள், விரல்கள் நெஞ்சின்மேல் கொக்கி மாதிரி மடங்கிக் கிடந்தன. கண் சொக்கியது.

எதுவோ நெற்றியில் பட்டது.

சின்னது. சூடானது. பென்சில் வாசனை.

நெற்றியிலிருந்து கன்னம். கன்னத்திலிருந்து தாடை.

"ஊரு கண்ணு... ஒறவு கண்ணு..."

எழுந்துவிடப் பார்த்தாள். மாத்திரை உடம்பை விடவில்லை. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சடக்.

இருட்டில் தலைமாட்டில் நின்றிருந்தது குழந்தை.

சடக். சடக். சடக்.

இவ்வளவு சின்ன விரலில் இவ்வளவு சத்தமா?

கடைசி விரலும் முறிந்தது. சங்கவியின் நெஞ்சின்மேல் கிடந்த கை திறந்தது. ஒவ்வொரு விரலாக. வலி இல்லை. இறுக்கம் இல்லை. துள்ளி எழுந்தாள்.

"நெறைய சத்தம் வந்துச்சும்மா," என்றாள் கலைப்பிரியா. பெருமையாக. "இப்ப ஒனக்கு சரியாயிடுச்சா?"

கரண்ட் வந்தது.

குழந்தை சிரித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் இன்னும் தன் நெற்றிப்பொட்டில்தான் இருந்தன. விரல்கள் மடங்கி, சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தன.

"கைய எடு பாப்பா."

"வரமாட்டேங்குதும்மா."

சங்கவி முட்டிபோட்டு உட்கார்ந்தாள். துளி ரத்தத்தைச் சிந்தாமல் குழியில் விடப் பழகிய விரல்கள், முன்பு போலவே லேசாக, சொன்னபடி கேட்டன. அந்த விரல்களால் மகளின் விரல் ஒன்றைப் பிடித்து விரிக்கப் பார்த்தாள். அடுத்ததைப் பிடித்தாள். பிறகு அதற்கும் அடுத்ததை.