நான் முழிச்சிருக்கேன்

பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம் ஷுக்ரிக்கு நன்றாகப் பழகிய சத்தம். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில், சம்பளக் கணக்குப் போட வாங்கிய கம்ப்யூட்டர் வேலை நடுவில் அப்படியே நின்று போகிறது என்று பெரிய கிளாக்கர் லூக்காஸ் ஆளனுப்பியிருந்தார். எண்பத்தெட்டாம் வருஷத்தில் பதுளையில் அந்தப் பெட்டியைத் திறக்கத் துணிந்தவன் டைப்ரைட்டர் பழுது பார்க்கும் ஷுக்ரிதான். கொழும்பில் சில மாதம் கம்ப்யூட்டர் படித்த பாவத்துக்கு ஊவா மாகாணம் முழுக்க அலைய வேண்டியிருந்தது.

மத்தியானத்திலேயே மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டது. ஈரக் கம்பளி நாற்றமும், பக்கத்து ஃபெக்டரியில் கொழுந்து வாடும் வாசனையும், சூடேறிய வயரின் வாடையும் ஒன்றாகக் கலந்து தலையைக் கனக்க வைத்தன. முதலில் கரண்டைச் சந்தேகித்தான். ஃபெக்டரி மெஷின்களை நிறுத்தச் சொல்லிப் பார்த்தான். அப்போதும் கம்ப்யூட்டர் நின்றது. கார்டுகளைக் கழற்றி, அழிறப்பரால் துடைத்து மாட்டினான். கொஞ்ச நேரம் ஓடி மறுபடி நின்றது. கடைசியில் ஹார்ட் டிஸ்க் மேல் காதை வைத்தான்.

டிக். டிக். ஓர் இடைவெளி. டிக்.

போன வருஷம் கொழும்பில் ஹம்ஸியாவின் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து அவன் மனைவியின் நெஞ்சு கைக்கடிகாரம் மாதிரி சத்தம் போடும். அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவன் ஒரு இரவும் ஒழுங்காகத் தூங்கியதில்லை. அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே விடியவைப்பான். பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகும்.

டிஸ்க் சாகப் போகிறது, உள்ளே இருப்பதைப் பிளொப்பியில் காப்பி எடுத்துக்கொண்டு வேறு டிஸ்க் மாட்ட வேண்டும் என்று லூக்காஸிடம் சொன்னான். காப்பி பாதியில் நின்றது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் டிஸ்க்கை மெல்லத் தட்டினான், ஓடியது. மறுபடி நின்றது. தட்டினான். இனி முடியாது என்கிற அளவுக்கு அசதி. தன்னை அறியாமல் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, ராத்திரியில் ஹம்ஸியாவிடம் சொல்வதையே சொன்னான்:

"நின்னுறாதே. நான் முழிச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெட்டிக்கும் ஓதிப் பார்க்கிறாரே என்று லூக்காஸ் சிரித்தார். ஷுக்ரிக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. ஏன் என்று தெரியவில்லை.

காப்பி முடிந்ததும் கொண்டுவந்திருந்த டிஸ்க்கை மாட்டிவிட்டு, பழையதைத் துவாயில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். மடியில் பை. வளைவுகளில் பஸ் முனகியது. பையின் அடியில் ஏதோ துள்ளுவது தொடையில் பட்டது. ரோட்டுக் குண்டுகுழிதான் என்று நினைத்துக்கொண்டான். பஸ் நின்றிருந்தபோதும் துள்ளியது.

வீட்டுக்குள் நுழையும்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. ஹம்ஸியா கதவைத் திறந்தாள். "முகம் என்ன இப்படி வாடியிருக்கு? உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

அவளைத் தாண்டிப் போகும்போதுதான் உணர்ந்தான். வீடு அமைதியாக இருந்தது. அவள் பக்கத்தில் நின்றும் அமைதி.

அவளை இழுத்து நெஞ்சில் காதை வைத்தான். சேலையின் சவர்க்கார வாசனை. சூடு. மூச்சு. வேறொன்றுமில்லை. என்ன இது என்று சிரித்தபடி அவனைத் தள்ளிவிட்டுக் கேத்தலை எடுத்தாள்.

டிக். டிக். பைக்குள்ளிருந்து. கரண்ட் இல்லை. வயர் இல்லை. துவாய்க்குள்.

பிறகு அது நின்றது.

ஹம்ஸியாவும் நின்றாள். சாய்த்த கேத்தல் சாய்த்தபடி. கோப்பை நிரம்பியது, வழிந்தது, கொதிக்கக் கொதிக்க அவள் விரல்களில் இறங்கியது. கையை எடுக்கவில்லை. கண் சிமிட்டவில்லை.

பையைக் கொட்டினான். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் டிஸ்க்கைத் தட்டினான். தட்டினான்.

டிக்.

"அம்மாடி, சுட்டுருச்சே!" என்று கையை உதறினாள்.

விரல்களுக்கு மருந்து போட்டு அவளைப் படுக்க வைத்தான். டிஸ்க்கை மடியில் வைத்துக் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான். அது தடுமாறும்போதெல்லாம் தட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போய் என்னவென்று சொல்வது? அவளிடம் என்னவென்று சொல்வது? அவள் தலையணையில் சாய்ந்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இன்னைக்காவது தூங்குங்களேன். நான் எங்க..."

நின்றது. தட்டினான்.

"...போயிடப் போறேன்?"

"தூங்க மாட்டேன். நான் முழிச்சிருக்கேன்."

கை வலித்தது. கண் எரிந்தது. பனி கதவிடுக்கில் நுழைந்தது. டிக். இடைவெளி. டிக். நீண்ட இடைவெளி. இமை கனத்தது. ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்.

ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து தரையில் விழுந்த சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தான்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. மடி சில்லிட்டிருந்தது. ஹம்ஸியா அவன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி திறந்த வாய். விளக்கைச் சுற்றிய ஈசல் ஒன்று அவளுடைய திறந்த கண்ணின் மேல் மெல்ல நடந்துகொண்டிருந்தது.

தட்டினான். தட்டினான். இரண்டு கையாலும்.

டிக்.

"தூங்குனீங்களா?" என்று கேட்டாள். உதடு மட்டும் அசைந்தது. கண் மூடவில்லை. ஈசல் இன்னும் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தது.