விளம்பரம் இல்லாத விளையாட்டு

பொம்மை வீட்டில் நாலு பேர் இருந்தார்கள்.

மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்த வினிதா, பாயில் குப்புறப் படுத்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மகளின் தோளுக்கு மேலாகத் தற்செயலாகத்தான் எட்டிப் பார்த்தாள். நீலச் சட்டை போட்ட அப்பா பொம்மை கட்டிலில் தூங்கியது. பச்சை நைட்டி போட்ட அம்மா பொம்மை அடுப்படியில் நின்றது. மஞ்சள் கவுன் போட்ட குட்டிப் பொம்மை ஊஞ்சலில் ஆடியது. வாசலை ஒட்டி, செருப்பு அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று நின்றது. சாம்பல் நிறம். முடி இல்லை, உடுப்பு இல்லை, கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லை. புதிதாக ஒரு பொம்மை செய்யத் தொடங்கும்போது, முகம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் திரையில் வருமே, அந்த வெறும் உருவம்.

"இது யாருடி?"

"தெரியலம்மா."

"நீதான வெச்ச?"

"நான் வெக்கல. கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே இருந்துச்சு. உள்ள வான்னு சொன்னேன். வந்துருச்சு."

ஆறு வயதுக் குழந்தை சொல்வதில் பாதி கற்பனையாக இருக்கும். வினிதா துணியை நாற்காலியில் போட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அந்த ஆட்டத்தை அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

அவளும் கணவன் கமலக்கண்ணனும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர்கள். அவனுக்கு சிப்காட்டில் மெஷின் ஷாப், இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். அவளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் காலை ஷிஃப்ட். மத்திகிரியில், மாட்டுப் பண்ணைக்குப் பின்பக்கத் தெருவில், வெங்கடம்மாள் வீட்டு மாடியில் வாடகை. பள்ளி விட்டு வரும் ஸ்வாதியை, வினிதா வரும்வரை, கீழே ஓனரம்மாதான் பார்த்துக்கொள்வார். மற்ற நேரத்துக்கெல்லாம் டேப்லெட்.

முதலில் இலவச ஆட்டங்கள்தான் போட்டுக் கொடுத்தாள். பழம் நறுக்கும் ஆட்டத்தில் இரண்டு பழம் நறுக்குவதற்குள் ஒரு விளம்பரம் வந்து விழும். சீட்டாட்டம், கடன், சிவப்பழகு. ஒரு நாள் அந்த இடைவெளியில், தண்ணீர் நிரம்பும் அறைக்குள் ஒரு பெண் கண்ணாடியை அறைந்து கத்தும் காட்சி வந்தது. அன்றைக்குத் தூக்கத்தில் ஸ்வாதி போட்ட கூச்சலில் கீழ்வீட்டில் விளக்கெரிந்தது. காசு போனாலும் போகட்டும், இனி நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுப்பது என்று வினிதா அப்போது முடிவெடுத்தாள்.

காசு கொடுத்தால் நல்லதாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. ரயில் ஓட்டும் ஆட்டம் ஒன்றை வாங்கினால், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனியாகப் பணம் கேட்டது. சூட்டோடு சூடாகத் திருப்பிக் கொடுத்தாள். வண்ணம் தீட்டும் ஆட்டம் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்துபோனது. மீன் பிடிக்கும் ஆட்டத்தில் யாரோ முன்பின் தெரியாதவர், 'ஹாய் பாப்பா' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் அந்த ஆட்டத்தை அழித்தாள். அதன்பிறகு கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே வேலை. ஒரே தடவைதான் பணம் கட்ட வேண்டும். விளம்பரம் கூடாது. உள்ளே கடை கூடாது. நெட் இல்லாமல் ஓட வேண்டும். வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது.

"பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கற மாதிரி பாக்கறியேக்கா," என்று பக்கத்து சீட்டு பிரியா கேலி செய்தாள்.

இந்தப் பொம்மை வீடு எல்லாவற்றுக்கும் பொருந்தி வந்தது. செய்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டு யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'வாங்கியதிலிருந்து குழந்தை ரொம்ப அமைதி. வீட்டில் சத்தமே இல்லை.' ஒரு தாய்க்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் வாங்கினாள்.

இப்போது அவள் குனிந்து, அந்த வெறும் உருவத்தின் மேல் விரலை வைத்து இழுத்தாள். வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவில் கொண்டுபோய் விட்டாள். கேட் சாத்திக்கொண்டது.

"பாவம்மா அது," என்றாள் ஸ்வாதி.

"பாவமெல்லாம் இல்ல. நம்ம வீட்டு ஆளு மட்டும் உள்ள இருந்தாப் போதும்."

அடுப்படிக்குப் போய் தோசைக்கல்லைப் போட்டாள். வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பண்ணையிலிருந்து ஈரப் புல்லும் சாணமும் கலந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து தோசை எண்ணெயின் வாசனையோடு கலந்தது. கன்றைப் பிரித்துக் கட்டிய மாடு ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் பெருமூச்சு விடுவதுபோல பிரேக்கைத் தளர்த்திக்கொண்டு கிளம்பியது. அதெல்லாம் அடங்கிய பிறகுதான், கூடத்தில் இத்தனை நேரமாகச் சத்தமே இல்லை என்பது அவள் காதுக்கு எட்டியது. ஸ்வாதி வாயை மூடி விளையாடுகிறவள் அல்ல. அப்பா பொம்மைக்கு ஒரு குரல், அம்மா பொம்மைக்கு ஒரு குரல், நாய்க்குக்கூட ஒரு குரல் வைத்திருப்பாள். இந்த ஆட்டத்தை வாங்கிய ஐந்து நாளாக அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வந்ததை, வேலை அலுப்பில் வினிதா நிம்மதி என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்வாதி, சட்னியா பொடியா?"

கல்லில் மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள்.

"ஏட்டி, ஒன்னயத்தான்."

"மெல்லப் பேசும்மா." குழந்தையின் குரல் தணிந்து வந்தது. "அது ஒனக்குப் பின்னாடிதான் நிக்குது."

கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அடுப்பு உஸ்ஸென்று எரிந்தது. தோசையின் ஓரம் சிவந்து, கருத்து, சுருண்டது. பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது வருகிற வெதுவெதுப்பு. திரும்பினால் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பாவிட்டால் அங்கேயே நிற்கும்.

திரும்பினாள்.

சிலிண்டர். அரிசி டப்பா. மடக்கி வைத்த நாற்காலி.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து டேப்லெட்டைப் பிடுங்கினாள். திரையில் அம்மா பொம்மை அடுப்பு முன்னால் நின்றது. அதன் முதுகோடு ஒட்டி, அந்த வழவழப்பான முகத்தைப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டு, அது நின்றது. இப்போது அதற்கு முடி இருந்தது. இரட்டைப் பின்னல்.

"நீதான முடி வெச்ச? நெசத்தச் சொல்லு."

"அதுவா எடுத்துக்கிச்சு," என்றாள் ஸ்வாதி. அவள் கண் இமைக்கவில்லை. "என்கிட்ட கேட்டுச்சு. தரேன்னேன்."

வினிதா கமலக்கண்ணனுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்டுக்குள் போகும்போது போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை அடித்தாள். எங்கேயோ ஒரு இரும்பு அலமாரிக்குள் அது வெளிச்சம் போட்டு அதிர்ந்துகொண்டிருக்கும்.

நெட் இல்லை. டேப்லெட்டில் சிம்மும் இல்லை. பின்னே யார் உள்ளே வந்தது?

பக்கவாட்டு பட்டனை அழுத்தித் திரையை அணைத்தாள். கருத்த கண்ணாடியில் அவள் முகமும் தோளோரம் குழந்தையின் முகமும் தெரிந்தன. மறுபடி போட்டாள்.

ஊஞ்சலில் இப்போது இரண்டு பேர். இரண்டு பேருக்கும் இரட்டைப் பின்னல். இரண்டு பேருக்கும் மஞ்சள் கவுன். ஒன்றுக்கு முகம் இருந்தது. ஒன்றுக்கு இல்லை.

வேண்டாத பொம்மையைப் போட மூலையில் ஒரு குப்பைத் தொட்டி உண்டு. நாய்ப் பொம்மை அலுத்துப்போனபோது ஸ்வாதி அதை அதில்தான் போட்டாள். அது பிறகு வரவே இல்லை. வினிதா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டேப்லெட்டை மடியில் வைத்தாள். முகம் இல்லாததின் மேல் விரலை அழுத்தினாள்.

"வேணாம்மா." ஸ்வாதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன விரல்கள். ஜில்லென்ற பிடி. "வேணாம்மா, நான்..."

"சும்மா இரு."

இழுத்தாள். கால் உதைத்துக்கொண்டு வந்தது. கனமாக வந்தது. திரையில் இழுக்கிற பொம்மைக்கு ஏது கனம்? ஆனால் கனத்தது. மூடி திறந்தது.

கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. தெரு முழுக்க இருட்டு. அவள் விரல் தானாகத் திரையை விட்டு எழும்பியிருந்தது.

மடியில் டேப்லெட் மட்டும் எரிந்தது. குப்பைத் தொட்டியின் மூடி சாத்தியிருந்தது. ஊஞ்சலில் ஒரே ஒரு பொம்மை. பார்த்தாள். கண் இருந்தது. மூக்கு இருந்தது. வாய் சிரித்தது. போய்விட்டது, போகவேண்டியதுதான் போய்விட்டது என்று வயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது.

அப்புறம்தான் தெரிந்தது. மணிக்கட்டில் பிடி இல்லை.

"ஸ்வாதி?"

பக்கத்தில் தடவினாள். பாய். பாயில் சூடு. ஆள் இல்லை.

"ஸ்வாதி!"

"இங்கதாம்மா இருக்கேன்." அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ஸ்வாதியின் குரல்தான். "பசிக்குது."

எழுந்து போன சத்தம் கேட்கவில்லை. அவளைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். கவுன் உரசியிருக்க வேண்டும். எதுவும் இல்லை.

டேப்லெட்டைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள். பொம்மை வீட்டின் கேட்டுக்கு வெளியே, தெருவில், மஞ்சள் கவுன் போட்டு ஒன்று நின்றது. முகம் இல்லை. கை மட்டும் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

கீழேயிருந்து வெங்கடம்மாளின் தெலுங்கு கலந்த குரல் கேட்டது.

"ஏமம்மா வினிதா! கரண்டு இல்லாத நேரத்துல பாப்பாவ எதுக்குத் தெருவுல விட்டிருக்கற? கேட்டத் தட்டினு இருக்குது பாரு. யாரு கண்ணு, பாப்பாவான்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்குது!"

வினிதா டேப்லெட்டோடு எழுந்தாள். அடுப்படி வாசலில் இருட்டைவிடக் கொஞ்சம் வெளுப்பாக ஒரு உருவம் வந்து நின்றது. அவள் டேப்லெட்டை அதன் பக்கம் திருப்பினாள். நெற்றிப் பொட்டு. முன்பல் விழுந்த இடைவெளி. ஸ்வாதி. அச்சு அசல் ஸ்வாதி. சிரித்தாள். சிரித்தபடியே இருந்தாள்.

"யாரும்மா கீழ?"

வினிதா படிகளில் இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் காலடிச் சத்தம் இல்லாமல் யாரோ கூடவே இறங்கினார்கள்.

வெங்கடம்மாள் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் டார்ச்சுமாக கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். திறக்கவில்லை. பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார். சாவி கீழே விழுந்தது. டார்ச் வெளிச்சம் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே போய் மஞ்சள் கவுன் மேல் விழுந்தது. பின்னல் மேல் விழுந்தது. அதற்கு நடுவே, பிசைந்து தட்டி வைத்த மாவு மாதிரி, மேடும் பள்ளமும் இல்லாத ஒரு வழவழப்பின் மேல் விழுந்தது.

அதற்குக் கூப்பிட வாய் இல்லை. அதனால் தட்டியது. உள்ளங்கையால். அவசரமாக. அழுத்தாமல். பாத்ரூமுக்குள் வினிதா இருக்கும்போது வெளியே நின்று ஸ்வாதி தட்டுவாளே, அப்படியே.

வினிதா குனிந்து சாவியை எடுத்தாள். பூட்டின் மேல் கை வைத்தாள். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்ன விரல்கள் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தன. ஜில்லென்ற பிடி.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டன. முதுகில் ஒரு முகம் அழுந்தியது. மூக்கு தெரிந்தது. உதடு தெரிந்தது. உதடு அசைந்தது.

"தெறக்காதம்மா. நம்ம வீட்டு ஆளெல்லாம் உள்ளதான இருக்கோம்."

கேட்டின் மேல் அந்தச் சின்ன உள்ளங்கை தட்டிக்கொண்டே இருந்தது.