நான்காவது விளக்கு

பெட்டியின் முகப்பில் நான்கு சிறு விளக்குகள். முதலாவது, மின்சாரம் வருகிறது என்பதற்கு. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழையில் வெளிச்சம் வருகிறது என்பதற்கு. மூன்றாவது, அது வீட்டுக்குள் காற்றில் பரவுகிறது என்பதற்கு. நான்காவது, தொலைபேசிக்கு. அவள் தொலைபேசி எதையும் மாட்டவில்லை. அதற்கான துளையில் புதுப்பெட்டியோடு வந்த ரப்பர் மூடியைக்கூட இன்னும் கழற்றவில்லை. அந்த விளக்கு எரிவதற்குக் காரணமே கிடையாது.

மழை பெய்து ஓய்ந்த அந்தப் பிற்பகலில் அது எரிந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய வேலை காதால் செய்யும் வேலை. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். காலடியில் உள்ள மிதியை அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், கைகள் தம் பாட்டுக்குத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும். பல வருடப் பழக்கத்தில் வாயில் ரொட்டியை அடக்கிக்கொண்டு பேசுகிறவர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசுகிறவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து பேசுகிறவர் என்று எல்லாரையும் பிரித்துச் சொல்வாள். "உங்கிட்ட போன்ல ஒரு பொய் சொல்ல முடியாதுடி, மூச்ச வெச்சே புடிச்சிடுவ" என்று அக்கா கேலி செய்வாள்.

தெருவின் கடைசியில், பள்ளத்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்றை அவள் வாடகைக்கு எடுத்தபோது அந்தப் பள்ளத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. கைபேசிக் கோபுரத்தின் அலை நேர்கோட்டில் போகும். பள்ளத்தில் இருப்பவர்களின் தலைக்கு மேலே அது பாட்டுக்குக் கடந்து போய்விடும். மொட்டை மாடியில், அதுவும் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக நின்றால் மட்டும் ஒரு கோடு தெரியும். "இன்னும் கொஞ்சம் மேல, நிலாவுக்குப் பக்கத்துல வீடு பாத்திருந்தா ரெண்டு கோடாவது கெடச்சிருக்கும்" என்றாள் அக்கா. சிரிக்க அவளால் முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் இணைப்பு இல்லையென்றால் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது.

அந்தப் பகுதிக்கு யார் யார் இணையம் தருகிறார்கள் என்று தொட்டியின் ஓரமாக நின்றபடியே தேடினாள். நான்கு நிறுவனங்கள். நான்கின் வரைபடத்திலும் அவள் தெரு பச்சையாக இருந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பகுதியில் எங்கோ ஒரு வீட்டுக்கு இணைப்பு இருந்தால்கூடப் பகுதி முழுவதையும் பச்சையாக்கிவிடுவார்கள். பச்சை என்றால் 'இங்கே தருகிறோம்' என்பதில்லை, 'இங்கே எங்கோ தந்திருக்கிறோம்' என்பதுதான். உண்மையான பதில், தெருக்கம்பத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு கண்ணாடி இழை உள்ளே வந்து எட்டாகப் பிரியும். எட்டு துளை, எட்டு வீடு. ஒன்பதாவது வீட்டுக்கு, வரைபடம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும், வெளிச்சம் கிடையாது. மூன்று நிறுவனங்களின் கம்பி அந்தத் தெருவுக்கே வரவில்லை. நான்காவது நிறுவனம் மட்டும் ஆளை அனுப்பியது.

வந்த லைன்மேன் ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்து உதட்டைப் பிதுக்கினான். எட்டும் நிரம்பியிருந்தன. பிறகு ஒரு சின்னக் கருவியால் ஒவ்வொரு இழையையும் மெதுவாகக் கவ்வினான். வீட்டிலிருக்கும் பெட்டியும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும், அதை அந்தக் கருவி கண்டுபிடித்துவிடும். ஏழு இழைகளில் முள் அசைந்தது. ஒன்றில் அசையவில்லை.

"இது உங்க பக்கத்து வீட்டுதுக்கா. பெட்டிய அணைச்சு வெச்சிருக்காங்க, இல்லன்னா காலி வீடு. அங்க ஆள் இருக்காங்களா?"

முந்தின நாள் மாலை அந்தச் சுவருக்கு அப்பால் ஓர் இருமலைக் கேட்டிருந்தாள். வயதானவரின் இருமல். சளியில்லாமல் வறண்டு, கடைசியில் ஒரு சின்ன விசிலோடு முடியும் இருமல்.

"நான் வந்ததுலேருந்து யாரையும் பாத்ததில்ல தம்பி," என்றாள்.

அது உண்மைதான். பார்த்ததில்லை.

"அப்ப காலிதான். இத உங்களுக்கு மாத்திடறேன். ஆளு வந்தா அவங்க கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க, அப்ப பாத்துக்கலாம். எல்லா ஊர்லயும் இப்படித்தான்க்கா ஓடுது," என்று ஓர் இழையைப் பிடுங்கி, அதே துளையில் இன்னொன்றைச் செருகினான். டிக் என்று மெல்லிய சத்தம். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்துப் பக்கத்து வீட்டின் கதவை உடைத்து உடலை எடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கே வந்து சொன்னாள். "பாவம்ங்க, தனி ஆளு. கரன்ட்டு செலவுன்னு பகல்ல அந்தப் பெட்டிய அணைச்சே வெச்சிருப்பாரு. பொழுது சாஞ்சாதான் போடுவாரு, வெளிநாட்டுல இருக்கற மகளோட பேசறதுக்கு. வழுக்கி விழுந்து இடுப்பு போயிருக்கு. எப்படியோ ஊர்ந்து போய் போன எடுத்திருக்காரு. ரிசீவர் கையிலயே இருந்துச்சாம். லைன் செத்துக் கெடந்திருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சுவத்துல தட்டியிருக்காருங்க. விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சாம். உங்களுக்கு ஒண்ணும் கேக்கலியா?"

"காதுல மாட்டிக்கிட்டு வேல பாக்கறேன்ல. ஒண்ணும் கேக்காது."

அதுவும் உண்மைதான், ஒரு விதத்தில். இணைப்பு வந்த அன்று மாலையே தட்டல் கேட்டது. தட், தட், ஓர் இடைவெளி, தட். யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆணி அடிக்கும் சத்தம் எப்படி இருக்கும், சதையும் எலும்பும் சுவரில் மோதும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவள் காதுக்குத் தெரியாதா என்ன? மறுநாள் காலைக்குள் முடிக்க வேண்டிய பதிவுகள் இருந்தன. அவள் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

இதை அக்காவிடம் சொல்லிவிட ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"வாடகைக்கு வேணுமா?"

"இல்ல. ஒண்ணுமில்ல, விடு."

"மூச்சே சரியில்லையேடி. உனக்கு மட்டுந்தான் காது இருக்குன்னு நெனப்பா?"

அலை போய்விட்டது என்று சொல்லித் துண்டித்தாள். ஒரு கோடு அப்படியேதான் இருந்தது.

இப்போது நான்காவது விளக்கு எரிகிறது. ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும் அறையில் ஒன்றாகக் கலந்து நின்றன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது. எரிந்தது. அணைந்தது. நிதானமாக, யாரோ மூச்சு விடுகிற வேகத்தில் மினுக்கத் தொடங்கியது.

நிறுவனத்தின் உதவி எண்ணைக் கணினி வழியாகவே அழைத்தாள். எடுத்த இளைஞன் அன்பாகப் பேசினான்.

"அது ஒண்ணுமில்லைங்க மேடம். போன் லைட் மினுக்குதுன்னா ரிசீவர எடுத்து வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். கீழ வெச்சுட்டா நின்னுடும்."

"என்கிட்ட போனே கெடையாது."

"வீட்டுல வேற யாராவது எடுத்திருப்பாங்க மேடம்."

"வேற யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"அப்படியா? இருமுறாரே ஒருத்தர். அவருகிட்ட ரிசீவர வெக்கச் சொல்லுங்க."

அழைப்பை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வேலை. வேலை பார்த்தால் சரியாகிவிடும். மிதியை அழுத்தினாள். அவளுக்குப் பழகிய மருத்துவர், மூக்கடைத்த குரலில், ஒரு பெண்ணின் முழங்காலைப் பற்றிப் பேசினார். வீக்கம் குறைந்திருக்கிறது. வலி குறைந்திருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஓர் இருமல். மருத்துவரின் அறையில் எழுந்த இருமல் இல்லை. அந்த அறையை அவளுக்குத் தெரியும், கண்ணாடி மேசை, எதிரொலி அதிகம். இந்த இருமலில் எதிரொலி இல்லை. சுண்ணாம்புக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் புகுந்து வந்து, கடைசியில் ஒரு சின்ன விசிலோடு முடிந்தது.

காலை எடுத்தாள். மருத்துவர் நின்றார்.

இருமல் நிற்கவில்லை.

பெட்டியின் மின்கம்பியைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினாள். நான்கு விளக்குகளும் அணைந்தன. அப்பாடா. அறை முழுவதும் மழைநீர் சொட்டும் சத்தம் மட்டும்.

வேறு நிறுவனத்துக்கு மாறிவிட வேண்டியதுதான். இந்தத் துளை அவருடையது, அவருக்கே போகட்டும். இத்தனை நாளில் வேறு யாராவது இந்தத் தெருவுக்குக் கம்பி இழுத்திருக்கலாம். கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தொட்டியின் ஓரம். ஒரு கோடு. சாம்பல் நிற மாலை. முதல் நிறுவனம், பச்சை. வீட்டு எண்ணைப் போட்டாள். 'இந்த வீட்டுக்குச் சேவை இல்லை.' இரண்டாவது, மூன்றாவது, அதே பதில். கடைசியாக, இரண்டு மாதமாகத் தனக்கு இணைப்புத் தரும் நான்காவது நிறுவனத்தின் பக்கத்தில் எண்ணைப் போட்டாள். 'இந்த வீட்டில் இணைப்பு இல்லை.' எழுத்துக்களை மறுபடி படித்தாள். விரல் தானாகவே எண்ணை அழித்து, பக்கத்து வீட்டின் எண்ணைப் போட்டது.

'இங்கே இணைப்பு உள்ளது. தற்போது பயன்பாட்டில் இருக்கிறது.'

கீழே ஏணி உரசும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். அதே லைன்மேன் கம்பத்தில் ஏறி நின்று கறுப்புப் பெட்டியைத் திறந்துவைத்திருந்தான். ஒவ்வோர் இழையாகக் கவ்விக்கொண்டு வந்தான். ஒன்றில் நிறுத்தினான். அவளுடையது. அவள்தானே பெட்டியை அணைத்தாள், அதில் வெளிச்சம் எப்படித் திரும்பும்?

"இதுல ஒண்ணும் வரலைங்க," என்று பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக் கேட்டான். "இந்தாண்ட வீட்டுல ஆள் இருக்காங்களா ஐயா?"

வாசலில் நின்றவரின் தலை மாடியிலிருந்து தெரியவில்லை. நிலைப்படியைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் தெரிந்தது. முட்டிகளில் தோல் இல்லை.

ஓர் இருமல். ஒரு சின்ன விசில்.

"நான் யாரையும் பாத்ததில்லப்பா."

"தம்பி!" அவள் கத்தினாள். "தம்பி, நான் இருக்கேன். இங்க இருக்கேன்."

லைன்மேன் நிமிர்ந்து மாடியைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். காலியான மாடியைப் பார்க்கிற பார்வை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

டிக்.

ஓடினாள். கீழே போக வேண்டும். பெட்டியைப் போட வேண்டும். வெளிச்சம் திரும்பிப் போனால் தெரிந்துவிடும். படிகள் ஈரமாக இருந்தன. கைபேசி கையை விட்டு எங்கோ போய் விழுந்து உடைந்தது. பிறகு அவள் விழுந்தாள். இடுப்பில் ஏதோ உலர்ந்த குச்சி போல முறிந்தது. அந்தச் சத்தத்தைத் துல்லியமாகக் கேட்டாள்.

ஊர்ந்தாள். மேசைவரை. மின்கம்பியைச் செருகினாள்.

முதல் விளக்கு. இல்லை.

இரண்டாவது. இல்லை.

மூன்றாவது. இல்லை.

நான்காவது மட்டும் மினுக்கியது.

"யாராவது..." என்றாள். குரல் எழவில்லை. வெளியே ஏணியை மடக்கும் சத்தம். வண்டி கிளம்பும் சத்தம். தேய்ந்து, தெரு முனையில் திரும்பி, இல்லாமல் போனது.

சுவர் கைக்கு எட்டியது. தட்டினாள். தட், தட். மூச்சு வாங்கியது. தட்.

சுவருக்கு அப்பால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ உட்கார்ந்தார்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மிதி அழுந்தும் சத்தம்.

மூக்கடைத்த குரலில் மருத்துவர் பேசத் தொடங்கினார். வீக்கம் குறைந்திருக்கிறது. வலி குறைந்திருக்கிறது. விரல்கள் வேகமாகத் தட்டச்சு செய்தன.

அவள் மறுபடி தட்டினாள். விரல் முட்டியில் தோல் உரியும்வரை தட்டினாள்.

தட்டச்சு ஒரு கணம் நின்றது. கேட்டிருக்கிறது. நிச்சயமாகக் கேட்டிருக்கிறது.

அப்புறம், மெதுவாக, மருத்துவரின் குரலை யாரோ கூட்டிவைத்தார்கள்.