பதினேழாவது வினைச்சொல்

காலை 10.05. நர்ஸ்களுக்கான ஆங்கிலப் பயிற்சி மையத்தில் தேர்வு. மூன்றாவது வரிசை பெஞ்சுக்கு அடியில் கிடந்த துண்டுச் சீட்டை டீச்சர் குனிந்து எடுத்தாள். மேலாளர் சற்றுமுன் கையெழுத்திட்டுத் திருப்பித் தந்திருந்த பாட நோட்டு அவள் கக்கத்திலிருந்து நழுவியது.

சீட்டில் நாற்பது ஆங்கில வினைச்சொற்கள். கோ, வென்ட், கான் என்று எந்த விதிக்கும் அடங்காமல் காலத்துக்கேற்ப உருமாறும் ரகம். கேள்வித்தாளின் அதே வரிசை, விடைகளோடு! தேறினால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. அந்த பெஞ்சில் மேலாளரின் மைத்துனன் உட்பட நான்கு பேர். நால்வரும் தங்களுடையதல்ல என்று கையை விரித்தார்கள்.

தேர்வு நின்றது.

10.20. மேலாளர் அறை.

"கேள்வித்தாள் வெச்ச பீரோ சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான் சார்," என்றாள் டைப்பிஸ்ட். "ஆனா நான் சத்தியமா..."

"டைப் அடிச்சதும் நீ, பூட்டினதும் நீ. வேலியே பயிரை மேயுது! பதினோரு மணிக்குப் போலீஸ் வரும். வேலை போச்சுன்னு வெச்சுக்க."

டைப்பிஸ்ட் தாயை இழந்து இருபது நாள். இரண்டு தங்கைகளுக்கும் இவள் சம்பளம்தான் சோறு. "அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று டீச்சர் பக்கம் திரும்பினாள்.

டீச்சர் சீட்டை மேலிருந்து கீழாகப் படித்தாள். பதினேழில் விரல் நின்றது.

"சார், கேள்வித்தாள்ல பதினேழாவது என்ன?"

அவர் எரிச்சலோடு புரட்டினார். "ஸிங்."

"சீட்டுல 'வீப்'னு இருக்கு. அழுறது."

"ஒரு சொல்லுதானே, அதுக்கென்ன டீச்சர்?"

"நேத்து நான் நோட்டைப் பார்த்து வாசிச்சேன், இவ அடிச்சா. 'வீப்'னதும் இவ விரல் நின்னுபோச்சு, கண்ணு நிறைஞ்சுடுச்சு. 'விடுடி, பாடுறதுன்னு மாத்திக்கலாம்'னேன். நோட்டுல திருத்த மறந்துட்டேன். பீரோவுல இருந்து போயிருந்தா சீட்டுல 'ஸிங்' இருக்கணும். இது என் நோட்டுல இருந்து போனது."

டீச்சர் நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் உங்ககிட்ட கையெழுத்துக்குத் தந்த அந்த நோட்டு ராத்திரி முழுக்க எங்க சார் இருந்துச்சு?"

மேலாளரின் கை தொலைபேசியிலிருந்து மெல்ல விலகியது. "மச்சான்... ரெண்டு தடவை ஃபெயில். வீட்டுல அவன் அக்கா என்னை விட்டாதானே..."

"வேலியே பயிரை மேயுதுன்னு சரியாத்தான் சொன்னீங்க. தலைமை ஆபீஸுக்கு நீங்களே எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?"

10.50. வராந்தாவில் டைப்பிஸ்ட் தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சர் அவள் முதுகைத் தடவினாள்.

"நல்லா அழுதுடுடி. மத்தியானம் புதுசா நாப்பது சொல் அடிக்கணும்."