ஊறுகாய் போட்ட எலுமிச்சை மரம்

சரோஜா வீட்டு எலுமிச்சை மரத்துக்கு நாள் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை வெட்டிவிடுவதாக அப்பா பரசுராமன் சொல்லிவிட்டார்.

போன கார்த்திகை தீபத்தின்போது அது மரம் கொள்ளாமல் காய்த்திருந்தது. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, இலையே தெரியலையே!" என்றாள். மறுவாரமே நாலு பிஞ்சு உதிர்ந்தது.

"கண்ணு வெச்சிட்டாங்க!" என்றாள் அம்மா காசியம்மாள்.

அன்றோடு ஜோதியம்மாளிடம் பேச்சு நின்றது. அவள் வீட்டுக் கிணற்று நல்ல தண்ணீரும் நின்றது. சோப்பு நுரைக்காத சொந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் இனி மரத்துக்கு.

செவ்வாய், வெள்ளியில் அம்மா ஒரு கை உப்பை எடுத்து மரத்துக்குத் திருஷ்டி சுற்றினாள். சுற்றிய உப்பைக் கால் படாத இடத்தில் போட வேண்டுமே? முள்வேலி போட்ட மரத்தடியை யார் மிதிக்கப் போகிறார்கள்? அங்கேயே கொட்டினாள்.

இலை நுனிகள் கருகின. அம்மா இரண்டு கை உப்பாக்கினாள். கிளைகளும் கருகத் தொடங்கவேதான் அப்பா வெட்ட நாள் குறித்தார்.

வியாழக்கிழமை சரோஜா வேலிக்குள் நுழைந்தாள். பாத்தி ஈரமாகத்தான் இருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். தூ! கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தாள். அதுவும் உப்பு.

"அம்மா! மரத்தையே ஊறுகாய் போட்டுட்டியே!"

"என்னாடி உளர்றே?"

"ஊறுகாய் தின்னா நமக்குத் தாகம் எடுக்குதில்ல? அதுவும் தண்ணியில நின்னுக்கினே தாகத்துல சாவுது. நல்ல தண்ணி ஊத்தி உப்பை வடிய விடணும்."

அம்மா பக்கத்து வீட்டைப் பார்த்தாள். "நான் போவ மாட்டேன்."

சரோஜா குடத்தோடு போனாள்.

"என் கண்ணுதான் கொள்ளிக் கண்ணாச்சே, தண்ணி மட்டும் ஆவுமா?" என்றாள் ஜோதியம்மாள்.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல பெரியம்மா. எங்க வீட்டு உப்புதான் ஜாஸ்தி."

ஜோதியம்மாள் சிரித்துவிட்டாள். அவளே தண்ணீர் சேந்திக் கொடுத்தாள்.

"வெட்டுற மரத்துக்குக் குளிப்பாட்டா?" என்று அப்பா கேலி செய்தார். ஆனாலும் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

சரோஜா வெள்ளை மண்ணைச் சுரண்டி எறிந்தாள். பாத்தியில் வாய்க்கால் வெட்டி, குடம் குடமாய் ஊற்றி வடியவிட்டாள். மூன்றாம் நாள் மகள் தள்ளாடுவதைப் பார்த்து அம்மாவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் நாலு மாதப் பேச்சு சேர்ந்து கிடந்தது. அம்மாவும் ஜோதியம்மாளும் பேசினார்கள், பேசினார்கள். தண்ணீர் சுமந்தது சரோஜாதான்.

தவணை முடியும் நாளில், கருகிய கிளையில் தளிர் எட்டிப் பார்த்தது. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். கோடரியைப் பரண்மேல் போட்டார்.

மறுநாள் காலை பெரிய குடத்தோடு அவரே ஜோதியம்மாள் கிணற்றடிக்கு வந்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நவுருங்க. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் மரம் காஞ்சிடும்!"